ஆய்வு முடியும் வரை தொட வேண்டாம்

செப்டம்பர் 2, திங்கள்

கலெக்டர் ஆபீஸில் இன்று மனு நாள். ஏழு மணி பஸ்ஸைப் பிடித்து எட்டரைக்கெல்லாம் வரிசையில் நின்றுவிட்டேன். அப்படியும் எனக்கு முன்னால் பதினேழு பேர். பக்கத்தில் நின்ற அம்மாளின் மனுவை வாங்கிப் பார்த்தேன். நாலு பக்கம் அழுகை. ‘பொருள்’ என்று ஒரு வரி இல்லை, தேதி இல்லை, சர்வே எண் இல்லை. அழுகைக்கு எந்த ஆபீஸிலும் கோப்பு எண் போட மாட்டார்கள். தாலுகா ஆபீஸில் முப்பத்தோரு வருஷம் குப்பை கொட்டிய தணிகாசலம் சொல்கிறேன்.

என் மனு ஒரே பக்கம். செண்பகா நகர் மூன்றாம் தெருவில் போன வருஷம் கட்டிய மழைநீர் வடிகால். ஆழம் ஆறடி. நீளம் நானூறு மீட்டர். மேலே போட்ட சிமெண்ட் மூடிகளில் பாதி இப்போதே விரிசல். ஜூலையில் தண்ணீர் லாரி ஏறியதில், எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி, திருப்பத்தில் பன்னிரண்டு அடிக்கு மூடிகள் உடைந்து உள்ளே விழுந்துவிட்டன. அந்த இடத்தில் ஒரு பக்கம் பள்ளம், மறு பக்கம் காம்பவுண்டு சுவர், நடுவில் ஆள் நடக்கும் அளவுக்கு மண்பாதை. ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் அந்த வழியாகத்தான் வீட்டுக்குப் போகிறார்கள். தெரு முழுவதும் தரமான மூடி வேண்டும் என்பது கோரிக்கை.

ரசீது கிடைத்தது. பத்திரப்படுத்தினேன். தெரு நலச் சங்கத்துக்கு நான் செயலாளர் ஆனது ஓட்டு வாங்கி அல்ல. கூட்டத்தில் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். ஆனாலும் எடுத்த வேலையை ஒழுங்காகச் செய்கிறவன்.

திலகா கட்டிக் கொடுத்த எலுமிச்சம் சாதத்தில் உப்பே இல்லை. கேட்டால் “போட்டேனே” என்கிறாள்.

செப்டம்பர் 8, ஞாயிறு

காலையில் ஆரோக்கியராஜ் மேஸ்திரி வந்தார். தெருக்கோடி வீடு. கட்டட வேலை. கை பேசும், வாய் பேசாது. இன்று பேசினார்.

“சார், பழைய வீடு ஒண்ணு இடிச்சோம். கருங்கல் பலகை எட்டு கெடக்குது. நாலு பேர் கை கொடுத்தா இன்னிக்கே அந்தத் திருப்பத்தை மூடிப்புடலாம். காலையில ஆரம்பிச்சா டிபன் நேரத்துக்கு முடிஞ்சிடும்.”

உட்கார வைத்து, காபி கொடுத்து, நிதானமாக விளக்கினேன். மனு போயிருக்கிறது. மனு போனால் ஸ்தல ஆய்வு வரும். ஆய்வுக்கு வருகிற அதிகாரி கண்ணால் பார்ப்பதைத்தான் எழுதுவார். நாம் கல்லைப் போட்டு மூடிவிட்டால் ‘குறைபாடு ஏதும் காணப்படவில்லை’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். அப்புறம் நானூறு மீட்டரும் அம்போ. பன்னிரண்டு அடிக்கு ஆசைப்பட்டுத் தெருவையே இழக்கலாமா? ஆய்வு முடியும் வரை யாரும் எதையும் தொட வேண்டாம்.

இது ஊகம் இல்லை. நான் உதவியாளராக இருந்தபோது ஒரு கிராமத்து ஏரி மதகு உடைந்து மனு கொடுத்தார்கள். நாங்கள் போவதற்குள் ஜனங்களே மணல் மூட்டையை அடுக்கி அடைத்துவிட்டார்கள். ‘மதகு நல்ல நிலையில் உள்ளது’ என்று எழுதி முடித்தோம். எழுதியது என் கைதான். மூட்டை அடுத்த மழையில் போயிற்று. இதை மேஸ்திரியிடம் சொல்லவில்லை. இதிலிருந்து நான் கற்ற பாடத்தை மட்டும் சொன்னேன்.

“நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் சார்” என்று எழுந்து போனார். அவர் போனபிறகு திலகா, “அவர் சொல்றதும் நியாயமாத்தானே இருக்கு?” என்றாள். நியாயம் வேறு, நடைமுறை வேறு என்றேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

போனில் குறுஞ்செய்தி வந்தது. மனு நகராட்சிக்கு அனுப்பப்பட்டுள்ளது. பார்த்தாயா என்று திலகாவிடம் நீட்டினேன். போனைக் கையில் வாங்கி, “நல்லது” என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். படித்த மாதிரி தெரியவில்லை. பெரிய விஷயங்களில் அவளுக்கு ஆர்வம் குறைச்சல்.

செப்டம்பர் 19, வியாழன்

சர்ச் மண்டபத்தில் கண் முகாம். மேஸ்திரியின் மனைவி ரீட்டாவோடு திலகா போய் வந்தாள். இரண்டு கண்ணிலும் புரை. சர்க்கரை இருப்பதால் ஐம்பத்தாறு வயதிலேயே வந்துவிட்டதாம். வலது கண் ரொம்ப மோசம், உடனே எடுக்க வேண்டும் என்றாராம் டாக்டர். முகாம் டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அவர்களுக்கும் ஒரு எண்ணிக்கை காட்ட வேண்டுமே.

புரை முத்த வேண்டும். என் அம்மாவுக்கு முத்திய பிறகுதான் எடுத்தார்கள். “இப்பல்லாம் முத்தணும்னு அவசியம் இல்லையாம்ங்க” என்றாள். மழைக்காலத்தில் கண்ணில் கத்தி வைத்தால் சீழ் பிடிக்கும், மார்கழியில் வேண்டாம், தை பிறந்ததும் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். அவளும் சரி என்றாள்.

செப்டம்பர் 29, ஞாயிறு

திருப்பத்தில் யாரோ இரண்டு சவுக்குக் கம்பை நட்டு, குறுக்கே சிவப்புத் துணி கட்டியிருக்கிறார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் திலகாவின் பழைய சுங்குடிப் புடவை. “கம்பு மேஸ்திரி வீட்டது, புடவை என்னது” என்று சிரித்தாள். நல்ல காரியம்தான். மூடவில்லையே, அடையாளம்தானே. இதனால் மனுவுக்குப் பாதகமில்லை.

அக்டோபர் 4, வெள்ளி

நகராட்சியிலிருந்து போன். உதவிப் பொறியாளர் பதினோரு மணிக்கு வருகிறாராம். முப்பத்திரண்டு நாளில் ஆய்வு என்பது பெரிய விஷயம். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ரசீது, போட்டோ எல்லாவற்றையும் ஒரு கோப்பில் கோர்த்துத் தயாராக நின்றேன். போட்டோ எடுத்தால் பள்ளம் பளிச்சென்று தெரிய வேண்டும். கம்பும் துணியும் மறைத்தன. பிடுங்கிச் சுவரோரம் வைத்தேன். அவர் போனதும் நட்டுவிடலாம்.

இரண்டு மணி வரை நின்றேன். வேறு அவசர வேலை வந்துவிட்டதாம். திங்கட்கிழமை நிச்சயம் என்றார்கள்.

அக்டோபர் 5, சனி

கொலுவுக்கு ரீட்டா வந்திருந்தாள். கிறிஸ்தவப் பெண், ஆனாலும் வருஷா வருஷம் சுண்டலுக்குத் தவறாமல் ஆஜர். திலகா கொலுப்படியில் கிருஷ்ணனைத் தலைகீழாக வைத்திருந்தாள். எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள்.

“அந்தத் துணியைத் திருப்பிக் கட்டலியா?” என்று திலகா கேட்டாள். திங்கட்கிழமை வருகிறார்களே, அதுவரை இருக்கட்டும் என்றேன்.

அக்டோபர் 7, திங்கள்

வரவில்லை. சுவரோரம் வைத்த கம்புகளையும் காணோம். யாரோ அடுப்பெரிக்க எடுத்துப் போயிருப்பார்கள்.

அக்டோபர் 14, திங்கள்

நினைவூட்டு மனு கொடுத்தேன். ‘பார்வை’ என்ற வரியில் முதல் மனுவின் எண்ணைக் குறிப்பிட்டேன். சீட்டில் இருந்த பெண், “இவ்வளவு தெளிவா யாரும் எழுத மாட்டாங்க சார்” என்றாள். திரும்பும்போது மனசு லேசாக இருந்தது. பஸ்ஸில் உட்கார இடமும் கிடைத்தது.

அக்டோபர் 22, செவ்வாய்

மழை பிடித்துக்கொண்டது. பகலெல்லாம் நசநசப்பு. மாடிப் படியில் ஒழுகுகிறது, பக்கெட் வைத்திருக்கிறேன்.

திலகா ஒரு வாரமாக நாலு மணி ஆனால் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். நாலரைக்குப் புடவை முழங்கால் வரை நனைந்து வருகிறாள். எங்கே என்றால், “சும்மா நின்னுட்டு வரேன். வீட்டுக்குள்ளயே இருந்தா மூச்சு முட்டுது” என்கிறாள். ரீட்டாவோடு அரட்டையாக இருக்கும். சர்க்கரை உடம்பு, ஈரத்தில் கால் புண்ணானால் என்ன ஆவது என்று சத்தம் போட்டேன். “நீங்க மனுவைப் பாருங்க, நான் என் வேலையைப் பார்க்கறேன்” என்றாள். முப்பத்தாறு வருஷத்தில் எதிர்த்துப் பேசியதை விரல் விட்டு எண்ணலாம். இன்று ஒன்று கூடியது.

வெள்ளைச் சட்டைக்குக் கறுப்பு நூலில் பொத்தான் தைத்து வைத்திருக்கிறாள். கவனம் எங்கேதான் இருக்கிறதோ.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. வளர்மதி ஓசூரிலிருந்து வந்திருக்கிறாள். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. மகள் வந்ததில் திலகாவுக்குத் தலைகால் புரியவில்லை. அவள் கன்னத்தையும் நெற்றியையும் கையால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தாய்க்கு மகள் என்றால் அப்படித்தான்.

சாயங்காலம் வளர்மதி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். “அப்பா, அம்மாவுக்குக் கண்ணு சுத்தமாத் தெரியலப்பா. பஜ்ஜியை எண்ணெயில போட கையாலதான் சட்டி விளிம்பைத் தேடறாங்க. நீங்க பார்க்கலியா?”

தினம் பார்க்கிறவனுக்குத் தெரியாதது ஒரு நாள் வந்தவளுக்குத் தெரிகிறதாம். தையில் எடுக்கப் போகிறோம் என்றேன். “நான் இப்பவே ஓசூருக்குக் கூட்டிட்டுப் போறேன்” என்று பிடிவாதம் பிடித்தாள். கடைசியில் திலகாவே, “மழை முடியட்டும்டி. இங்க எனக்கு வேலை இருக்கு” என்று சொல்லிவிட்டாள். மனுஷிக்கு அப்படி என்ன வேலையோ.

நவம்பர் 6, புதன்

இன்று தெருவே இரண்டுபட்டது. நேற்றைய மழையில் திருப்பத்தில் முழங்கால் தண்ணீர். பாதை எது, பள்ளம் எது என்று தெரியவில்லை. காலை எட்டு மணிக்கு மேஸ்திரி அந்தக் கருங்கல் பலகைகளை மினி லாரியில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். ஏழெட்டு பேர் கடப்பாரையோடு நின்றார்கள்.

நான் போய்ப் பள்ளத்துக்கு முன்னால் நின்றுகொண்டேன். நேற்றுத்தான் நகராட்சியில் பேசியிருந்தேன். பதினைந்தாம் தேதி ஆய்வு உறுதி. எழுத்து மூலமாகவே வரும். “இரண்டு மாசம் பொறுத்தோம், ஒன்பது நாள் பொறுக்க முடியாதா? இன்னிக்கு மூடினா என் மனு செத்துடும். அப்புறம் அடுத்த மூடி உடையும், அதுக்கடுத்தது உடையும். ஒவ்வொண்ணுக்கும் உங்ககிட்ட கருங்கல் இருக்கா மேஸ்திரி?”

“மழை கேக்காது சார்.”

“மழைக்கு நான் மனு கொடுக்கல. நகராட்சிக்குக் கொடுத்திருக்கேன்.”

சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில்தான் தெரு என் பக்கம் சாய்ந்தது. மேஸ்திரி பள்ளத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு, “நீங்க படிச்சவரு. உங்களை மீறிப் போட்டு, நாளைக்குத் தெருவுக்கு வரவேண்டியது வராமப் போனா அந்தப் பழி எனக்கு வேணாம்” என்று சொல்லிவிட்டு, பலகைகளைச் சுவரோரம் அடுக்கச் சொன்னார். பதினைந்தாம் தேதிக்குப் பிறகு எல்லோரும் எனக்கு நன்றி சொல்வார்கள்.

திலகா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். சாப்பாடு போடும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “பிள்ளைங்க தெனமும் அந்த வழியாத்தானே போவுது?” பத்திரமாகப் போகச் சொல்ல வேண்டியது பள்ளிக்கூடத்தின் பொறுப்பு என்றேன்.

நவம்பர் 11, திங்கள்

இன்னும் நாலு நாள்.

நவம்பர் 13, புதன்

பகல் ஒரு மணி. கொட்டுகிறது. கரண்ட் இல்லை, ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதுகிறேன். பள்ளிக்கு அரை நாள் விடுமுறை விட்டுவிட்டார்களாம், பக்கத்து வீட்டில் சொன்னார்கள். கேட்டதும் திலகா சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டுக் குடையைத் தேட ஆரம்பித்தாள். குடை அவள் எதிரிலேயே மாட்டியிருந்தது. எடுத்துக் கொடுத்தேன். “நீங்களும் வரீங்களா?” என்றாள். பதினைந்தாம் தேதி அதிகாரியிடம் கொடுக்க வேண்டிய குறிப்பு பாதியில் நிற்கிறது. முடித்துவிட்டு வருகிறேன் என்றேன்.

குறிப்பு ஒருவழியாக முடிந்தது. மூன்று பக்கம் ஆகிவிட்டது, சுருக்க வேண்டும். அவள் தட்டில் ஈ மொய்க்கிறது. மூடி வைத்தேன்.

நவம்பர் 17, ஞாயிறு

எழுதினால்தான் மூச்சு விட முடியும் போல இருக்கிறது. எழுதுகிறேன்.

திலகா போய்விட்டாள். புதன்கிழமை திருப்பத்துப் பள்ளத்தில் விழுந்து, உள்ளுக்குள்ளேயே தண்ணீர் இழுத்துப் போய், தெருக்கோடியில் கம்பி வலையில் மாட்டியிருந்தாள். ஆரோக்கியராஜ் மேஸ்திரி கயிற்றைக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கித் தூக்கிவந்தார். பகல் இரண்டேகால் மணி. நான் அவளுக்காக இரண்டு மணி வரை வீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

அவள் அங்கே தினம் எதற்குப் போனாள் என்று ரீட்டாதான் சொன்னாள். பிள்ளைகள் வரும் நேரத்துக்குப் போய்ப் பள்ளத்தின் விளிம்பில் நிற்பாளாம். தான் பள்ளத்தின் பக்கம் நின்றுகொண்டு, ஒவ்வொரு பிள்ளையாகச் சுவர்ப் பக்கம் கையைப் பிடித்துக் கடத்தி விடுவாளாம். இருபத்திரண்டு பிள்ளைகள். ரீட்டா வேண்டாம் என்று எத்தனையோ சொல்லியிருக்கிறாள். “எங்க வீட்டுக்காரர்தானே மூட வேணாம்னாரு, அப்ப நான்தானே நிக்கணும்” என்றாளாம்.

ரீட்டா இதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டேதான் சொன்னாள். நான் கையை உருவிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள எனக்கு என்ன யோக்கியதை?

நவம்பர் 18, திங்கள்

அவள் போன மறுநாள் காலையில் நாங்கள் சுடுகாட்டுக்குக் கிளம்புவதற்கு முன்பே திருப்பத்தை மூடிவிட்டார்கள். அவளை அந்தப் பள்ளத்தைத் தாண்டிக் கொண்டுபோகக் கூடாது என்று மேஸ்திரி சொல்லிவிட்டாராம். எட்டு பலகை. ஆறரைக்கு ஆரம்பித்து எட்டு மணிக்கு முடித்தார்கள். ஒன்றரை மணி நேரம். எழுபத்துமூன்று நாள் நான் காத்திருந்தது இந்த ஒன்றரை மணி நேர வேலைக்கு.

அவளைத் தூக்கிக்கொண்டு அந்தக் கல்லின் மேல்தான் நடந்தோம். நாலு பேர் நடந்தும் அசையவில்லை.

நவம்பர் 20, புதன்

அவளை எடுத்த அன்று மத்தியானமே ஜீப்புகள் வந்துவிட்டனவாம், மூன்று. பொறியாளர், மேற்பார்வையாளர், இன்னும் யார் யாரோ. பலகையைப் பார்த்திருக்கிறார்கள். போட்டோ எடுத்திருக்கிறார்கள். இன்று குறிப்பின் நகலைப் பழைய சிநேகிதர் ஒருவர் கொண்டுவந்து காட்டினார். ‘மேற்படி இடத்தில் வடிகால் மூடப்பட்டுள்ளது. குறைபாடு ஏதும் காணப்படவில்லை.’

செப்டம்பரிலேயே மேஸ்திரியிடம் இதே வாக்கியத்தைச் சொன்னேன். எழுத்து பிசகாமல் வந்திருக்கிறது. நான் சொன்னது சரிதான். முப்பத்தோரு வருஷ அனுபவம் பொய்க்கவில்லை. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். வளர்மதி ஓடிவந்து பார்த்துவிட்டுப் போனாள். வந்ததிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை.

நவம்பர் 21, வியாழன்

குறுஞ்செய்தி. ‘தங்கள் மனு மீது உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டு முடிக்கப்பட்டது.’

நவம்பர் 22, வெள்ளி

வளர்மதி பேசினாள். “அந்த ரசீதெல்லாம் எங்கப்பா? கேஸ் போடணும். மனு கொடுத்த அன்னிக்குத் திறந்து கிடந்துதுன்னு காட்டணும்.” கோப்பை எடுத்துக் கொடுத்தேன். வரிசையாகப் புரட்டினாள். “எல்லாம் எவ்வளவு ஒழுங்கா வச்சிருக்கீங்க” என்றாள். அவள் அதைச் சொன்ன விதத்தை என்னால் எழுத முடியாது.

சிறிது நேரம் கழித்து, “ஓசூருக்கு வரேன்னு அம்மா தீபாவளி அன்னிக்குச் சொல்லியிருந்தா…” என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். திலகா வராததற்குக் காரணம் நான்தான் என்று அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும்.

நவம்பர் 25, திங்கள்

விசாரணை. கோட்டாட்சியர் அலுவலகத்தில் வாக்குமூலம் எழுதிக்கொண்ட எழுத்தர் என்னிடம் வேலை கற்றவர். எழுந்து நின்று, நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்தார். இந்த மாதிரி எத்தனை வாக்குமூலம் நான் எழுதியிருப்பேன். எதிரில் உட்கார்ந்திருப்பவர் முகத்தை நிமிர்ந்து பார்த்ததாக ஞாபகமில்லை.

மனு கொடுத்ததைச் சொன்னேன். அதிகாரி வராததைச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே வந்தார். பிறகு மீதியையும் சொன்னேன். தெருக்காரர்கள் இரண்டு முறை மூட வந்தார்கள், இரண்டு முறையும் நான்தான் தடுத்தேன். அபாயத்துக்கு அடையாளமாகக் கம்பு நட்டுத் துணி கட்டியிருந்தது. கட்டியவள் என் மனைவி. போட்டோவில் பள்ளம் தெரிவதற்காக அதைப் பிடுங்கியவன் நான். மறுபடி நடவில்லை.

பேனா நின்றுவிட்டது. “சார், இது வேணாம். இதை எழுதினா அவங்க தப்பிச்சுடுவாங்க. பழி பூரா உங்க தலைல விழும். நீங்க சொல்லலன்னா யாருக்கும் தெரியாது.”

“எழுதுப்பா.”

“அண்ணி இருந்தா எழுத விடுவாங்களா சார்?”

அவர்கள் வராதது அவர்கள் தப்பு, அதை அப்படியே எழுது, நான் செய்தது என் தப்பு, அதையும் அப்படியே எழுது, ஒன்றுக்காக இன்னொன்றை அடிக்காதே என்றேன். எழுதினார். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே மேஸ்திரி காத்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். இறங்கும்போது, “அன்னிக்கு நான் உங்களைத் தள்ளிட்டுக் கல்லைப் போட்டிருக்கணும் சார். படிச்சவர்னு நின்னுட்டேன்” என்றார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. அவரையும் இந்தப் பாவத்தில் சேர்த்துவிட்டேனே என்று துக்கமாக இருந்தது.

நவம்பர் 28, வியாழன்

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. வளர்மதி சாயங்கால பஸ்ஸில் கிளம்பினாள். கூட வரச் சொன்னாள். பிறகு வருகிறேன் என்றேன். ‘பிறகு’ என்ற சொல்லைக் கேட்டதும் என் முகத்தைப் பார்த்தாள். நானும் தலையைக் குனிந்துகொண்டேன்.

நவம்பர் 29, வெள்ளி

காலையில் மேஸ்திரியோடு தெரு முழுவதும் நடந்து விரிசல் விட்ட மூடிகளைப் பார்த்தோம். அவர் எந்த இடம் என்று சுண்ணாம்பால் குறி வைத்துக்கொண்டே வந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆரம்பிக்கிறோம். யாரும் மனுவைப் பற்றிக் கேட்கவில்லை. இதனால் எனக்கு ஆறுதல் வந்துவிட்டது என்று எழுதினால் அது பொய். சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன், அவ்வளவுதான்.

நாலேகாலுக்கு வாசலில் கேட் சத்தம். ஒரு சின்னப் பெண், பள்ளிக்கூடப் பை, இரட்டைச் சடை. பெயர் சஃப்ரீனாம். மூன்றாம் வகுப்பு. உள்ளே வராமல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“யாரும்மா வேணும்?”

“யாரும் வேணாம் பெரியப்பா. தெனம் இங்க வரைக்கும் வருவேன். அதான் வந்தேன்.”

புரியவில்லை. எதற்கு வருவாய் என்று கேட்டேன்.

“பெரியம்மாவை விடறதுக்கு. அவங்களுக்குக் கண்ணு தெரியாதில்ல? எல்லாப் பசங்களையும் தாண்டி விட்டுட்டு, கடைசியா நான் அவங்க கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து இந்தக் கேட்டுகிட்ட விட்டுட்டுப் போவேன். கேட்டைத் தொட்டதும் ‘போய்ட்டு வா கண்ணு’ம்பாங்க.”

படியில் உட்கார்ந்துவிட்டேன். நான் உள்ளே ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த நேரம்தான் அது. பத்தடி தூரம். எட்டு வயதுப் பெண் ஒருத்திக்குத் தெரிந்திருக்கிறது.

“அன்னிக்கு மழைன்னு அத்தா ஆட்டோல வந்து என்னைக் கூட்டிட்டுப் போய்ட்டாரு” என்றாள். “பெரியம்மாவைக் கூட்டிட்டுப் போவணும்னு சொன்னேன். அவங்கதான் ‘நீ போ, எங்க வீட்டுக்காரர் இப்ப வந்துடுவாரு’ன்னு சொன்னாங்க.”

அவளுக்கு என் முகத்தைப் பார்த்துப் பயம் வந்துவிட்டது போல. போகத் திரும்பினாள். எனக்கு அவளைப் போகவிட மனசில்லை. திலகாவின் கையைப் பிடித்த கை அது. பெரியம்மா வழியில் என்னம்மா பேசுவாங்க என்று கேட்டேன்.

யோசித்தாள். “ஒண்ணும் பேச மாட்டாங்க. ‘எப்பப் பெரியம்மா, இந்தக் குழியை மூடுவாங்க?’ன்னு நான்தான் கேப்பேன். ‘பெரியப்பா மனு கொடுத்திருக்காரு, அவர் எழுதினா நடக்காம இருக்காது, சீக்கிரம் மூடிடுவாங்க’ன்னு தெனமும் சொல்வாங்க.”